மூலைக்கு மூலை டேப் பிடிப்பது

“ஐன்ஸ்டைன் மறுபடியும் ஜெயித்தார்” என்று அடிக்கடி ஒரு தலைப்பு வருகிறது. நடுநடுவே, “ஐன்ஸ்டைன் சொன்னது தப்பா?” என்று இன்னொன்று. இரண்டையும் படித்தவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. கருந்துளைகளை வைத்து உண்மையில் எதைச் சோதிக்கிறார்கள்?

பழைய மகாபலிபுரம் சாலையில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள், அஸ்திவாரத்துக்குக் கொத்தனார் நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பார்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து முளை அடிப்பார். பிறகு முளைக்கு முளை டேப் பிடிப்பார். ஐந்தடி வந்தால் மூலை சரி. முதல் இரண்டு அளவும் சரியென்றால் மூன்றாவது தானாக வந்தாக வேண்டும். அது வருகிறதா என்று தனியே அளப்பதுதான் சோதனை.

அதே சாலையில், சிறுசேரி சிப்காட்டில் மென்பொருள் கட்டடங்களுக்கு நடுவே சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருக்கும் கே. ஜி. அருண், பாலா ஐயர், சத்தியபிரகாஷ் முதலியோருடன் சேர்ந்து 2006-இல் முன்வைத்த யோசனை கிட்டத்தட்ட இதுதான். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கும்போது வெளிவரும் ஈர்ப்பு அலையின் அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும். அது எப்படி ஏறும் என்பதைப் பல உறுப்புகள் கொண்ட ஒரு தொடராக எழுதலாம். சுழற்சியைச் சற்று ஒதுக்கிவிட்டால், எல்லா உறுப்புகளையும் தீர்மானிப்பது இரண்டு நிறைகள் மட்டுமே என்கிறது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். எனவே இரண்டு உறுப்புகளை அளந்தால் நிறைகள் தெரிந்துவிடும். மூன்றாவது உறுப்பு அதற்கு ஒத்துவர வேண்டும். வராவிட்டால், கோட்பாட்டின் மூலை சாய்ந்திருக்கிறது.

அப்போது இது காகிதக் கணக்கு. 2015 செப்டம்பர் 14-இல் ஈர்ப்பு அலைகளை உணரும் அமெரிக்காவின் லைகோ கருவிகளில் முதல் அலை பதிவானது. சூரியனைப் போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி 62 மடங்குள்ள ஒன்றாயின. மீதி மூன்று சூரியன்களின் நிறை அலையாகவே போய்விட்டது. கருவியில் கேட்டது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள்தான் இந்த அளவையெல்லாம் எடுக்க வேண்டியிருந்தது.

செய்தித்தாள்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சோதிப்பவர்கள் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு ‘விலகல் எண்’ சேர்த்துக்கொள்கிறார்கள். ஐன்ஸ்டைன் கணக்குப்படி அது பூஜ்யம். அளந்தால் வருவது ஒற்றை எண்ணாக இருக்காது; ஒரு வீச்சாக இருக்கும். அந்த வீச்சுக்குள் பூஜ்யமும் இருந்தால் “ஜெயித்தார்” என்று தலைப்புப் போடுகிறோம். டேப் சரியாக ஐந்தடி காட்டியதாக எழுதுகிறோம். நாலே முக்காலுக்கும் ஐந்தே காலுக்கும் நடுவே என்பதே பல நேரங்களில் நடந்தது.

மோதல் முடிந்த பின் இன்னொரு வகைச் சோதனை. மாமல்லபுரம் சிற்பிகள் கல்லை எடுத்ததும் உளி வைப்பதில்லை. முதலில் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும், விரிசல் உள்ள கல்லின் ஒலி செத்திருக்கும். புதிதாய்ப் பிறந்த கருந்துளையும் அப்படிச் சிறிது நேரம் அதிர்ந்து அடங்கும். இதை 1970-இல் கணக்கிட்டுச் சொன்னவர் பெங்களூரின் சி. வி. விஸ்வேஷ்வரா. நிறையும் சுழற்சியும் தெரிந்தால் அந்த ஒலியின் சுருதியும், அது அடங்கும் வேகமும் தெரிந்துவிடும். கேட்டது வேறு சுருதியென்றால், அது ஐன்ஸ்டைனின் கருந்துளை இல்லை.

2025 ஜனவரி 14-இல் வந்த அலை முதல் அலையைவிட மூன்று மடங்கு தெளிவாக இருந்ததால், இந்த ஒலியில் இரண்டு சுருதிகளைப் பிரித்துக் கேட்க முடிந்தது. இரண்டும் கணக்கோடு ஒத்துப்போயின. அதே அலையிலிருந்து பரப்பையும் ஒப்பிட்டார்கள். மோதும் முன் இரண்டு கருந்துளைகளின் மேற்பரப்பும் சேர்த்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதிய பின் சுமார் 4,00,000. இரண்டு தமிழ்நாட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்று தமிழ்நாடாயிற்று. மொத்தப் பரப்பு குறையவே குறையாது என்று ஹாக்கிங் 1971-இல் சொல்லியிருந்தார்.

இவ்வளவு ஒத்துவந்தும் மாற்றுக் கோட்பாடுகளை ஏன் விடவில்லை? பிரபஞ்சம் வேகமெடுத்து விரிவதற்கு இருள் ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது என்னவென்று தெரியாது. கருந்துளையின் நடுவில் சார்பியலின் சூத்திரமே முடிவிலி என்று கைவிரிக்கிறது. எனவே தேடத்தான் வேண்டும். சில கோட்பாடுகள் ஏற்கெனவே அடிபட்டுப் போயின. 2017 ஆகஸ்ட் 17-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது, சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஈர்ப்பு அலைக்கு 1.7 வினாடி பின்னால் காமா கதிர் வந்து சேர்ந்தது. இரண்டின் வேகமும் வேறு என்று சொன்ன கோட்பாடுகள் பல அன்றே கதவைச் சாத்தின.

ஆனால் பிரான்ஸ்-டிக்கி என்ற 1961-ஆம் ஆண்டுக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கருந்துளையும் ஐன்ஸ்டைனின் கருந்துளையும் அச்சு அசல் ஒன்றே. இரண்டு கருந்துளைகளை எத்தனை முறை மோதவிட்டாலும் அதை இதிலிருந்து பிரிக்க முடியாது. அதற்கு நியூட்ரான் விண்மீன்தான் வேண்டும். கருந்துளைச் சோதனையில் தப்பிய கோட்பாடு ஐன்ஸ்டைனுடையது மட்டும் என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் நான்கு கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட லைகோ-இந்தியா அமைய, மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பூமியின் இந்தப் பக்கத்திலும் ஒரு காது இருந்தால் அலை வரும் திசையை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். நாலே முக்காலும் ஐந்தே காலும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வரும்.