பட்டி போட்டா துரு போயிடுமாய்யா?

அம்பாசிடர் வச்சிருக்கவங்க ரெண்டு பேர் சேர்ந்தா இப்பல்லாம் ஒரே பேச்சுதான். "கம்ப்ரஸரை வாடகைக்கு எடு, ரெண்டு டப்பா பெயிண்ட் வாங்கு, ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுது." ஆமாம், முடிஞ்சுது. வண்டி!

வீட்டுல பெயிண்ட் அடிக்காதீங்கன்னு சொல்ல வரலை சாமிகளா. நானே குத்தாலத்துல கொல்லைப்பக்கக் கொட்டாயிலதான் அப்பாவோட வண்டியைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். தேய்க்காம அடிக்கிறாங்களே, கோவம் அவங்க மேலதான். உத்தரபாராவுல அம்பாசிடர் தயாரிப்பு 2014-லயே நின்னாச்சு. மிச்சம் இருக்கிற தகரத்தையும் பட்டிக்கு அடியில அழுக விடணுமா?

முன்னாடி ஒருத்தர்கிட்ட விட்டேன். கதவோட அடி விளிம்புல கொப்புளம் கொப்புளமா துரு. மனுஷன் சுரண்டக்கூட இல்லை. மேலயே பட்டியை அப்பி, வழவழன்னு கலர் அடிச்சுக் கொடுத்துட்டார். ஒரே ஒரு ஐப்பசி அடைமழை. பட்டி பாளமா விழுந்துச்சு, பின்னால விரல் நுழையற ஓட்டை. கதவுக்குள்ள இறங்குற தண்ணி வெளிய போக அடியில துவாரம் இருக்கும்ல? அது மண்ணடைச்சுக் கிடந்தது. ஒரு கம்பியால குத்தி விட்டிருந்தா அரை நிமிஷ வேலை. உள்ளேர்ந்து அரிக்குது, இவர் வெளிய பவுடர் பூசுறார்!

பழைய பெயிண்ட் கெட்டியா இருக்கிற இடத்துல உரிக்க வேண்டாம், சொரசொரப்பாக்கினா போதும். ஆனா முதல்ல பாலீஷ், மெழுகு எல்லாத்தையும் துடைங்க. துடைக்காம உப்புத்தாளைப் போட்டா அதையும் சேர்த்துத் தேய்ச்சு ஏத்திடுவீங்க, அப்புறம் புதுக் கலர் வட்டம் வட்டமா விலகி நிக்கும். துரு இருக்கிற இடத்துல 80 நம்பர், தகரம் பளிச்சுனு தெரியற வரைக்கும். ஓரத்தை 180, 320னு சரிவா இறக்கணும், நகத்தால தடவினா படி தட்டக்கூடாது. ஓட்டை விழுந்திருந்தா வெட்டியெடுத்து வெல்டிங்தான், வேற வழியே இல்லை. அன்னைக்கே பிரைமர் போட்டுடுங்க. காவேரிக்கரை ஈரத்துல வெறுந்தகரம் ராத்தாங்காது. பட்டியைத் தண்ணி போட்டுத் தேய்க்காதீங்க, உறிஞ்சி வச்சுக்கும்.

பழைய பெயிண்டை மட்டும் தண்ணி விட்டே தேய்ங்க. பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதுன்னு 2016-ல வந்த விதி வீட்டுப் பெயிண்டுக்குத்தான், காருக்கு இல்லை. அந்தத் தூள் பறக்கிற இடத்துல புள்ளைங்களை விளையாட விட்டுட்டு "நாமளே செஞ்சோம்"னு பெருமை வேறயா? மூக்கை மூடுங்க, புள்ளைங்களைத் தள்ளி வைங்க.

"இதுக்கெல்லாம் ஒரு மாசம் ஆகுமேய்யா"ங்கிறார் பக்கத்து வீட்டு மாமா. ஆவும் மாமா. எனக்கு ரெண்டு கதவுக்கே மூணு வாரம் ஆச்சு. அடுத்து டிக்கி. யாராச்சும் வர்றதா இருந்தா வாங்க, உப்புத்தாள் நான் தர்றேன், கை மட்டும் உங்களுது :-)