மைதானத்தில் கும்பிடுவது குற்றமா?

சாணக்யபுரியில் வினய் மார்க் மைதானத்தில் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கான பந்தயங்கள் நடப்பது தில்லித் தமிழர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. அமைச்சகங்களுக்கிடையே நடக்கும் இப்போட்டிகளில் நம்மவர்கள் ஆடியும் இருக்கிறார்கள். லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தும் இருக்கிறார்கள். அங்கே ஒருவர் களத்தில் இறங்குமுன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இன்னொருவர் கழுத்துச் சங்கிலியிலுள்ள சிலுவையை எடுத்து முத்தமிடுவார். வேறொருவர் இரு உள்ளங்கைகளையும் விரித்து ஏதோ முணுமுணுத்து முகத்தில் தடவிக்கொள்வார். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரன் எடுத்தாரா, காட்சைக் கோட்டை விட்டாரா என்பதுதான் பேச்சு.

இதே காரியத்தை டெலிவிஷனில் காட்டப்படும் ஆட்டத்தில், ஆட்டமே தொழிலாகக் கொண்டவர் செய்துவிட்டால் போதும், நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்து வழக்காடத் தொடங்கிவிடுகிறது. கும்பிட்டவர் யார், எந்த மதத்தவர் என்பதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கட்சியும் தன் நியாயத்தைத் தீர்மானிக்கிறது. இதுதான் நமக்கு ஒப்பாத விஷயம்.

2025 அக்டோபர் 30-ஆம் தேதி நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை அரை இறுதி ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியா 338 ரன் குவித்தது. மகளிர் ஒருநாள் ஆட்டத்தில் அதற்கு முன் எந்த அணியும் அத்தனை பெரிய இலக்கை எட்டிப் பிடித்ததில்லை. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 134 பந்துகளில் 127 ரன் எடுத்துக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்று வெற்றி தேடித் தந்தார். அதே போட்டியில் ஓர் ஆட்டத்திலிருந்து அவர் நீக்கப்பட்டிருந்தார். மன உளைச்சலில் அநேகமாகத் தினமும் அழுதுகொண்டிருந்ததாக அன்று அவரே சொன்னார். வெற்றிக்குப் பின் மைக்கைக் கொடுத்தபோது, இதை நான் தனியாகச் செய்திருக்க முடியாது என்று ஏசுவுக்கு நன்றி சொன்னார். தாய், தந்தை, பயிற்சியாளர் ஆகியோருக்கும் நன்றி சொன்னார். களைத்துப்போன கடைசிக் கட்டத்தில் பைபிள் வசனம் ஒன்றைத் தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றதாகவும் கூறினார்.

நடந்தது இவ்வளவுதான். நாட்டில் பெரும்பாலோர் அந்தப் பெண்ணோடு சேர்ந்து கண்கலங்கினார்கள். ஆனால் ஒரு சிலர், ஆட்டத்தை மதப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று வசைபாட ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே 2024 அக்டோபரில் மும்பை கார் ஜிம்கானா, அவர் தந்தை அங்கே நடத்திய பிரார்த்தனைக் கூட்டங்களைக் காரணம் காட்டி அவருடைய கௌரவ உறுப்பினர் பதவியை ரத்து செய்திருந்தது. கிளப் விதிகளுக்கு உட்பட்டே அவற்றை நடத்தியதாகத் தந்தை விளக்கமளித்தார். அந்தப் பழைய கதையையும் இப்போது கிளறி எடுத்தார்கள். நாட்டுக்கு ஜெயித்துக் கொடுத்த அன்றே ஒரு பெண் தன் பக்திக்கும் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அது அவருக்கு அவமானம் இல்லை, நமக்குத்தான்.

“ஒரு ஹிந்து ஆட்டக்காரர் இப்படித் தம் தெய்வத்தின் பெயரைச் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?” என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. விடையைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்காக டிங் லிரெனுடன் மோதிய நம் சென்னைப் பிள்ளை குகேஷ், நெற்றியில் விபூதியோடு பலகை முன் உட்கார்ந்து கண்ணை மூடிப் பிரார்த்தித்துவிட்டுத்தான் காய் நகர்த்தினார். 18 வயதில் சாம்பியன் ஆனார். அதற்கு முந்தைய வருஷம் பாகுவில் உலகக் கோப்பை இறுதி வரை சென்ற பிரக்ஞானந்தாவின் நெற்றியிலும் விபூதி இருந்தது. அதை அழித்துவிட்டு வா என்று எந்த நடுவரும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரும் சங்கடப்படவில்லை. நம் வீடுகளில் அந்தப் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனோம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் விபூதி பூசி ஆபீஸுக்குக் கிளம்பும் குமாஸ்தாவுக்கு அது தன் வீட்டுப் பிள்ளையின் முகம். பூரித்தது தவறில்லை. அதே பூரிப்பை மும்பையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அடைந்தால் அதில் மட்டும் எப்படிக் குற்றம் வரும்?

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்க சுழற்பந்து வீரர் கேசவ் மகராஜின் முன்னோர் உத்தரப் பிரதேசத்திலிருந்து போனவர்கள். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள அந்த நாட்டில், அவர் களத்தில் இறங்கும்போது ஒலிபெருக்கியில் ராமர் பாட்டு ஒலிக்கிறது. அவரே கேட்டுக்கொண்டதால் போடுகிறார்கள். இதனால் அங்கே கிறிஸ்தவத்துக்கு ஆபத்து வந்துவிட்டதாக யாரும் அலறவில்லை. ஊரை விட்டு வந்து பிழைக்கிற நமக்கு இதன் அருமை தெரியும். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு நாம் காவடி எடுத்துப் போகும்போது தமிழே தெரியாத தில்லிக்காரர்கள் வழிவிட்டு நிற்கிறார்கள் அல்லவா?

முகமது ஷமியின் விஷயம் இன்னும் வேதனையானது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்ற மறுநாள், பதினொரு பேரில் அவரை மட்டும் பிடித்துத் தேசத் துரோகி என்று ஏசினார்கள். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைப்போல் கேவலமான காரியம் வேறில்லை என்ற பொருள்படக் காப்டன் விராட் கோலி பகிரங்கமாகப் பேசினார். 2023 நவம்பரில் வான்கடே மைதானத்தில் ஸ்ரீலங்காவுக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்த ஷமி, களைப்பில் முழங்காலிட்டுக் குனிந்தார். உடனே எல்லைக்கு அப்பால் இருந்து, சஜ்தா செய்ய நினைத்துப் பயத்தில் நிறுத்திவிட்டார் என்று கதை கட்டினார்கள். செய்ய வேண்டுமென்று தோன்றினால் யார் தடுக்க முடியும், நான் முஸ்லிம், நான் இந்தியன், இரண்டையும் பெருமையாகச் சொல்வேன் என்று அவர் பிறகு பதில் சொன்னார். அதோடு விட்டார்களா? 2025 மார்ச்சில் ரம்ஜான் மாதத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது ஏதோ பானம் குடித்தார் என்பதற்காக ஒரு மௌல்வி அவரைக் குற்றவாளி என்றார். தொழுதால் ஒரு கூட்டம், தண்ணீர் குடித்தால் ஒரு கூட்டம்! பந்து வீச அவருக்கு நேரம் கிடைத்ததே பெரிது.

கூட்டம் என்றதும் ஆமதாபாத் நினைவுக்கு வருகிறது. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி, ஆட்டமிழந்து திரும்பிய பாகிஸ்தான் வீரர் ரிஸ்வானை நோக்கி ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஸ்ரீராமர் பெயரைக் கோஷமாக எழுப்பினார்கள். சில நாட்களுக்கு முன் ஹைதராபாத் மைதானத்தில் ரிஸ்வான் தொழுதது பிடிக்காதவர்கள் இதற்குச் சமாதானம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றல்ல. ரிஸ்வான் தொழுதபோது யாரையும் பார்த்துத் தொழவில்லை. கோஷமோ ஒருவரைக் குத்திக் காட்டுவதற்காகவே எழுப்பப்பட்டது. தெய்வத்தின் பெயரைப் பக்தியாகச் சொல்வது வேறு, கல்லாக எறிவது வேறு. ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இடையில் ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்தே மதத்தை முடிவுகட்டுகிறவர்களுக்கு நம் வாஷிங்டன் சுந்தரைச் சிபாரிசு செய்கிறோம். அவர் தந்தை ஏழைப் பையனாக இருந்த காலத்தில் பள்ளிச் சம்பளமும் சீருடையும் கொடுத்து உதவிய வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரரின் நினைவாக வைத்த பெயர் அது. ஹிந்துக் குடும்பத்துப் பிள்ளை!

ஆட்டத்தில் மதமே தலைகாட்டக் கூடாது என்று வாதிக்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அலட்சியப்படுத்துவதற்கில்லை. ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆவது விதி அரசியல், மத, இனப் பிரசாரத்தைத் தடுக்கிறது. கால்பந்து விதிகள் உடையில் மத வாசகங்கள் கூடாது என்கின்றன. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலும் உடை, மட்டை விஷயத்தில் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆனால் விதியைவிட அதை நடத்துகிற கை முக்கியம். 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா மட்டையில் ஒரு புறாப் படம் ஒட்டிக்கொள்ள அனுமதி கேட்டார், கவுன்சில் மறுத்தது. அதே அணியில் லபுஷேன் பைபிள் வசனம் ஒன்றைக் குறிக்கும் கழுகுப் படத்தை மட்டையில் வைத்து ஆடிவந்தார். அது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. கழுகு பறக்கலாம், புறா பறக்கக்கூடாது என்றால் அது என்ன சட்டம்?

சாணக்யபுரியில் சாந்தி பத் வழியே பஸ்ஸில் போகிறவர்கள், வரிசையாகப் பல தேசக் கொடிகளைப் பார்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு வழி. பிரான்ஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டு வீராங்கனைகள் தலைமுக்காடு அணியக்கூடாதென்று தடுத்தது. ஓட்டக்காரி ஒருவர் துவக்க விழாவில் தொப்பி போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அரசுப் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் கென்னடி, ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் முழங்காலிட்டுப் பிரார்த்தித்துவந்தார். 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வழக்கில் ஒரு பெற்றோர் சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். நம்பிக்கையில்லாத தம் மகன், சேர்ந்துகொள்ளாவிட்டால் ஆட்டத்தில் இடம் போய்விடுமோ என்று பயந்து அந்தப் பிரார்த்தனையில் கலந்துகொண்டதாக அவர் தெரிவித்தார்.

இந்த இடத்தில்தான் நம் குமாஸ்தா வாசகர்களுக்குச் சட்டென்று விஷயம் புரியும். ஆபீஸ் டீமில் செக்ஷன் ஆபீசர் காப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் எல்லாரையும் வட்டமாக நிற்கச் சொல்லித் தம் தெய்வத்தின் பெயரைச் சொல்லவைக்கிறார். அதில் உள்ள எல்.டி.சி. என்ன செய்வார்? மனத்தில் என்ன இருந்தாலும் வாய் அசையும். வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறவர் எதிரே நிற்கிறார் அல்லவா? ஆட்டக்காரர் தனக்காகக் கும்பிடுவதைப் பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. காப்டனோ பயிற்சியாளரோ கிளப் சொந்தக்காரரோ பிறரைக் கும்பிடவைப்பதுதான் ஆட்சேபகரமானது. 2023-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் வென்ற கோப்பையைத் தியாகராய நகர் திருப்பதி தேவஸ்தானக் கோயிலில் வைத்துப் பூஜை செய்தார்கள். அவர்கள் கோப்பை, அவர்கள் பக்தி. மொயீன் அலி போன்றவர்களும் சேர்ந்து ஜெயித்த கோப்பை அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அவர் வந்தாரா வரவில்லையா என்று கணக்குப் பார்க்காதவரை அதில் தோஷமில்லை.

ஆஸ்திரேலியக் கொடியும் சாந்தி பத்தில்தான் பறக்கிறது. 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஷஸ் வெற்றி விழா. வீரர்கள் மேடையில் ஷாம்பேன் பீய்ச்சத் தொடங்கியதும், மதுவை விலக்கும் கவாஜா ஒதுங்கி நின்றார். காப்டன் பாட் கம்மின்ஸ் அதைக் கவனித்து, பாட்டில்களைக் கீழே வைக்கச் சொல்லிக் கையசைத்து அவரைப் படத்துக்கு அழைத்துக்கொண்டார். சட்டமில்லை, சர்க்குலர் இல்லை. நமக்குத் தெரிந்து இந்த வழக்கில் யாரும் அளித்த தீர்ப்புகளில் இதுவே சிறந்தது.

நம் நாட்டிலும் இது நேற்று முளைத்த வழக்கல்ல. பம்பாயில் ஒரு காலத்தில் மதத்தை வைத்தே அணி பிரித்து ஆடினார்கள். 1907-இல் ஐரோப்பியர், பார்சிகள், ஹிந்துக்கள். 1912-இல் முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். 1937-இல் மீதியுள்ளோர் எல்லாம் ஓர் அணி. 1940 டிசம்பரில் யோசனை கேட்கப் போனவர்களிடம், கல்லூரிக்குக் கல்லூரி ஆடுவது புரிகிறது, ஹிந்து அணி, முஸ்லிம் அணி என்பது எனக்குப் புரியவில்லை என்ற கருத்தைக் காந்திஜி சொன்னார். 1946-ஓடு அது நின்றது. ஒரே மதத்தார் என்று சேர்ந்த அணிக்குள்ளாவது சமத்துவம் இருந்ததா? ஹிந்து அணியின் மகத்தான பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்பதால் ஆரம்ப நாட்களில் பூனாவில் அவருக்குத் தேநீரைத் தனி மண் குவளையில், பந்தலுக்கு வெளியே கொடுத்தார்கள். சென்னையில் சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி நடந்த ஆட்டம் ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியர் எல்லாரும் ஒரு பக்கம் என்று நடந்தது. நம் ஊரார் அந்தமட்டில் கொஞ்சம் பெருமை கொள்ளலாம்.

கிரிக்கெட் போர்டுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆட்டக்காரர் நெற்றியில் என்ன பூசினார், யாருக்கு நன்றி சொன்னார் என்று விசாரிக்கப் புதிய விதி எதுவும் தேவையில்லை. காலரி பக்கம் திரும்பினால் போதும். 2021 ஜனவரியில் சிட்னி மைதானத்தில் சிராஜ் தம்மை ஏசுகிறார்கள் என்று நடுவரிடம் புகார் சொன்னபோது ஆட்டம் சில நிமிஷம் நின்றது. போலீஸார் ஆறு பேரை வெளியே அனுப்பினார்கள். அடுத்த தடவை கோட்லாவிலோ ஆமதாபாத்திலோ ஒருவர் மதத்தைச் சொல்லி ஆட்டக்காரரை ஏசினால், அவர் நம் நாட்டவரானாலும் விருந்தாளியானாலும், ஏசினவர் எந்த மதத்தவரானாலும், டிக்கெட்டைக் கிழித்து வாசலைக் காட்டட்டும். வினய் மார்க்கில் பந்தயம் நடத்துகிறவர்களும் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலும், கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களிலும் இறுதி ஆட்டத்தை வைக்காமல் அட்டவணை போடலாம். அதற்கு ஒரு காலண்டரும் ஒரு பென்சிலும் இருந்தால் போதும்.