வில்லுக்கு ஏற்ற சாயமும் மெருகும்

மரத்தாலான பொருள் ஒன்று எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதை அதன் மரம் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதன்மீது பூசப்படும் மெல்லிய படலமும், அதைச் சூழ்ந்துள்ள காற்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவ்வுண்மையை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் வட்டாரத்தில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆண்டுதோறும் திருவோண நாளன்று ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலில் சமர்ப்பிக்கப்படும் ஓணவில்லே அது. கரமனைப் பகுதியைச் சேர்ந்த விளையில் வீட்டுச் சிற்பிகள் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்து வருகின்றனர். கடம்பு, மஹாகனி போன்ற மரங்களின் பலகையைச் சீவி, செந்நிறப் பின்னணியில் அனந்தசயனம், தசாவதாரம், ஸ்ரீராம பட்டாபிஷேகம் முதலிய காட்சிகளைத் தீட்டி, சிவப்புக் குஞ்சலம் கட்டி முடிப்பர். அம்பு எய்வதற்கான வில் அன்று இது. வழிபாட்டுக்கும் காட்சிக்கும் உரியது.

நகருக்கு வடக்கே, கடலுக்கும் கடினங்குளம் காயலுக்கும் அருகில் உள்ள கழக்கூட்டம் போன்ற ஊரில், மாணவர்களைக் கொண்டு இத்தகைய வில்லைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர் ஒருவர் எதைப் பூசுவது என்று கேட்கிறார் எனக் கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டே. குளிர்நாட்டு நூல்களில் உள்ளபடி ஆளிவிதை எண்ணெயைத் தேய்க்கலாம் என்பது ஒன்று. கடையில் கிடைக்கும் எனாமல் டப்பா ஒன்றை வாங்கிப் பூசலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆராயாமல் ஏற்பது முறையன்று என்பதே எமது கருத்து. நம் ஊர்க் காற்றில் சோதித்து, குழந்தைகளின் கைக்குத் தீங்கற்றதைத் தேர்ந்துகொள்வதே முறையாகும்.

முதலில் ஈரத்தைப் பற்றிப் பார்ப்போம். மரம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்கு ஏற்ப ஈரத்தை ஏற்கவும் விடவும் செய்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கையில் மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் சுமார் 12 விழுக்காடாகும். காற்றின் ஈரப்பதம் 85 ஆனால் மரத்தின் ஈரம் சுமார் 18 விழுக்காட்டுக்கும், 90 ஆனால் சுமார் 20 விழுக்காட்டுக்கும் உயர்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைக் கடந்த பின்னர் மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இக்கடற்கரையில் பல மாதங்கள் மரம் இவ்வெல்லையை நெருங்கியே இருக்கின்றது. ஈரம் கூடுந்தோறும் பலகை உப்புகிறது. வெயில் வந்ததும் சுருங்குகிறது. அதனுடன் சேர்ந்து அசைய இயலாத வண்ணப்பூச்சு வெடித்து உதிர்கிறது.

அடுத்து, சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பேச்சு வழக்கில் சாயம், வண்ணம், மெருகு ஆகிய மூன்றையும் கலந்து வழங்குகிறோம். சாயம் என்பது கரைந்து மரத்தின் நாருக்குள் ஊறுவது. வண்ணம் என்பது கரையாத பொடி. பசை ஒன்றின் துணையால் மேற்பரப்பில் நிற்பது. மெருகு என்பது இவற்றின்மேல் அமைந்து ஈரத்தைத் தடுக்கும் படலம். சாயம் நிறத்தைத் தருமேயன்றிக் காவலைத் தராது. சாயமிட்ட வில்லுக்கு வேறு பாதுகாப்பு வேண்டா என எண்ணுவோர் பலர், அது தவறு.

நிறத்தைத் தேர்வதில் கண்ணைவிடக் கைக்கே முதலிடம் தர வேண்டும். பழைய ஓவியர்கள் அறிந்திருந்த சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். அரிதாரமும் மனோசிலையும் ஆர்செனிக் சேர்மங்கள். ஈயச் செந்தூரத்தின் பெயரிலேயே அதன் நஞ்சு விளங்குகிறது. இவை பள்ளிக்கூடத்துக்குள் வருதல் ஆகாது. வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 2016ஆம் ஆண்டு விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே பண்டக அறையில் நெடுநாளாகக் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவைத் திறந்து மாணவர் கையில் கொடுப்பது பெரும்பிழையாகும்.

தாவரச் சாயங்களுள் மஞ்சள் வெயிலில் விரைவில் வெளிறும். கேரளத்தில் குடிநீரில் இட்டுக் காய்ச்சும் பதிமுகம் படிகாரத்துடன் அழகிய சிவப்பைத் தரும். அதுவும் ஒளியில் நீடிப்பதில்லை. கடுக்காய்ச் சாறும் இரும்பு உப்பும் கூடினால் உறுதியான கருமை கிடைக்கும். செந்நிறத்துக்கு எம் பரிந்துரை காவியே. கேரளத்துச் சுவரோவியர் செம்மையையும் மஞ்சளையும் வெட்டுக்கல் மண்ணிலிருந்தே பெற்றனர். இரும்பு ஆக்ஸைடாகிய காவி வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையாது.

இனி மெருகு. எண்ணெய்களெல்லாம் ஒரு தன்மையுடையன அல்ல. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று இறுகும் ஆற்றலை அயோடின் எண்ணால் அறியலாம். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். எனவே அது படலமாகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அது 10க்கு அண்மையில்தான். எனவே அது எந்நாளும் உலராது, தூசியைச் சேர்த்துப் பிசுபிசுத்து நிற்கும். புன்னை எண்ணெயும் உலரா இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் உலர்ந்து இறுகிய ஆளிவிதை எண்ணெய்ப் படலமுங்கூட நீராவியை எளிதில் ஊடுருவ விடுகிறது. வறண்ட நாட்டில் போதுமானதாகத் தோன்றும் இவ்வெண்ணெய் நம் மழைக்காலத்தில் பேருக்கு மட்டுமே காவலாகும். மேலும், இவ்வெண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதை விரித்து உலர்த்தவோ நீரில் அமிழ்த்தவோ வேண்டும் என்பதை மாணவர்க்கு முதற்பாடமாகச் சொல்லுக.

நம் நாட்டுக்கே உரிய அரக்கு, நீராவியைத் தடுப்பதில் எண்ணெயினும் பன்மடங்கு சிறந்தது. இதனை ஆராயவென்றே 1924ஆம் ஆண்டில் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இடுவது காட்சி வில்லுக்கு ஏற்றது. ஆயின் அதன் குறைகளையும் மறைக்கலாகாது. நீர்த்துளி நெடுநேரம் தங்கினால் அரக்கு வெண்மை பூக்கும்; ஈரமான நாளில் பூசினாலும் மங்கும். ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தின்மேல் பூசினால் நிறம் இழுபட்டு ஓடும். ஆகவே அடியில் நீர்ச்சாயமோ காவியோ இருத்தல் வேண்டும். ஸ்பிரிட் நஞ்சாதலாலும் தீப்பற்றுவதாலும் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாதபடி, ஆசிரியரே அதைக் கையாள வேண்டும். மழையில் நனைய நேரும் வில்லுக்கு எண்ணெய் வார்னிஷே தக்கது.

எய்வதற்கான வில்லுக்கோ விதி வேறு. வயநாட்டுக் குறிச்சியர் விற்கலையில் பேர்பெற்றவர்கள். அவர்களது வில்லைப் போல் வளைந்து நிமிரும் மரத்தில், கடினமான அரக்குப் படலம் விரைவில் கீறல் காணும். அங்கே நெகிழ்வுள்ள வார்னிஷும், அவ்வப்போது தேய்க்கும் தேன்மெழுகும் வேண்டும். மரத்தின் ஈரம் ஒரு விழுக்காடு ஏறினால் அதன் விறைப்பு சுமார் 2 விழுக்காடு குறைகிறது. ஆகையால் ஈரமேறிய வில் வலுவிழப்பதோடு, வளைந்தபடியே நின்றும் விடும்.

பூச்சியும் பூஞ்சையும் தாக்காமலிருக்க நச்சு மருந்தை ஊறவைக்கலாமே என்பர் சிலர். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த ‘ஆஸ்கு’ என்னும் மரக்காப்பு மருந்தை 1933ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசன். உலகெங்கும் தந்திக் கம்பங்களைக் காத்த பெருமை அதற்குண்டு. எனினும் கம்பத்துக்கு ஏற்றது குழந்தையின் கைக்கு ஏற்றதாகாது. வீட்டு உபயோக மரத்தில் அதன் பயனைப் பல நாடுகள் பின்னர் விலக்கிவிட்டன. தோணிகளுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் தோலைப் புண்ணாக்குவது. கடம்பு போன்ற மென்மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் போதும். அது நீரில் கரைந்து வெளியேறக் கூடியதாதலால், உலர்ந்தபின் மேலே மெருகு அவசியம்.

இக்கூற்றுகளை நம்பிக்கையின்பேரில் ஏற்க வேண்டுவதில்லை, பள்ளியிலேயே சோதிக்கலாம். ஒரே பலகையிலிருந்து 10 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளை அறுத்துக்கொள்க. ஒன்றை வெறுமையாக விட்டு, ஏனையவற்றுக்கு வெவ்வேறு மெருகிடுக. மெருகு நன்கு இறுகியபின், கால்சியம் குளோரைடு வைத்த மூடிய பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஒரு வாரம் உலர்த்தி எடையிடுக. பின்னர், நீரில் குழைத்த உப்புச் சேறு உள்ள மற்றொரு மூடிய பாத்திரத்தில், சேறு படாதவாறு இரண்டு வாரம் வைத்திடுக. கறியுப்பின் நிறைகரைசலுக்கு மேலுள்ள காற்று எப்போதும் ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரம் கொண்டிருக்கும். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் மீண்டும் நிறுத்தால், எந்தப் பூச்சு ஈரத்தை எவ்வளவு தடுத்தது என்பது எண்ணாகத் தெரிந்துவிடும். சாயமிட்ட துண்டு ஒன்றைப் பாதி அட்டையால் மூடி வெயிலில் வைத்தால் நிறத்தின் உறுதியும் புலப்படும்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகளையும் சேர்த்துரைக்கலாம். மரத்தின் நீர்க்குழாய்கள் வெட்டுமுனையில் திறந்திருப்பதால் ஈரம் அவ்வழியே மிக விரைவாகப் புகும்; வில்லின் இரு நுனிகளுக்கும் கூடுதல் பூச்சு தருக. ஓணம் மழைக்காலத்தின் இடையே வருவதால், மரத்தைத் தை, மாசி மாதங்களிலேயே உலர்த்தி அடிப்பூச்சு இட்டு வைப்பது நன்று.

வழிவழி வந்த சிற்பிகளின் கைப்பழக்கத்தைச் சோதனைக்குழாயால் அளப்பதா என்று கேட்கப்படலாம். சிற்பியின் அறிவு பல மழைக்காலங்களின் சோதனையில் விளைந்தது. தராசு அதற்குப் பகையன்று. சிற்பி அறிந்ததைக் களப்பணியாளர் கேட்டெழுதி, அதன் அருகே ஆசிரியர் தம் வகுப்பில் கண்ட எண்களையும் குறித்து வைப்பாராயின், அடுத்து வில் செய்யும் ஊர் தொடக்கத்திலிருந்து தடுமாற வேண்டியிராது. இப்பணிக்கு உப்பும் தராசும் பொறுமையுமே முதல்.