செம்மஞ்சள் வட்டம்

வெயிலிற் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து வருவோர் பெரும்பாலும் நாடுவது சோடாவையே. போத்தலிலுள்ள வர்ண வட்டத்தை எத்தனை பேர் நோக்குகின்றனர்? இலங்கையில் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. 2 கிராமுக்கு மேல் 11 கிராம் வரை செம்மஞ்சள். செம்மஞ்சளைக் கண்டு நாம் ஆறுதலடைதல் தகாது. 10 கிராம் வீதம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டிச் சீனி! தேநீரில் இவ்வளவு இட்டால் வாயில் வைப்போமா? மிகையான சீனியைக் கல்லீரல் கொழுப்பாக்கி இரத்தத்திற் செலுத்துகிறது.

அமெரிக்கத் தாதியர் ஏறத்தாழ 88,000 பேரை 24 ஆண்டுகள் அவதானித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இனிப்புப் பானத்தை அரிதாக அருந்தியோரிலும், தினமும் இருமுறையோ அதற்கு மேலோ அருந்தியோருக்கு இருதய நோய் அபாயம் 35 சதவீதம் கூடுதலாயிருந்தது. சோடாவே நோய்க்குக் காரணமென இது நிறுவிவிடவில்லை என்பது மெய்தான். ஆயினும் அந்த இருமுறை, பரீட்சைக் காலத்தில் நம் மாணவர் சிலர் ஓரிரவில் அருந்தி முடிக்கும் அளவே.