நூலக வரி நூலகத்துக்கே வரட்டும்

உள்ளாட்சிகளின் வரவு செலவைக் கண்காணிக்கும் உயர் அலுவலர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டுகிற எவரும், அதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. போய்ச் சேர வேண்டிய இடம் நூலக ஆணைக்குழு. இடையில் அந்தப் பணம் நின்றுவிடுகிறது. பல உள்ளாட்சிகள் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்திருப்பது நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அதைத் தீர்க்கும் அதிகாரம் தங்களிடம் இருப்பதால் இம்மடலைத் தங்களுக்கு எழுதுகிறோம்.

இந்த வரிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்குச் சட்டமும் நிலையான வருவாயும் வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் போன முயற்சியிலும் அவர் பங்கு உண்டு. அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையை எதிர்பார்த்து நூலகம் கையேந்தி நிற்கக் கூடாது என்பதற்காகவே தனி வரி வைத்தார்கள். அந்த வரி கைக்கு வராதபோது சட்டத்தின் உயிர்நாடியே அறுபடுகிறது.

பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்தக் கிளை நூலகத்திலும் பார்க்கலாம். சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் நிறுத்த முடியாது. ஆகவே முதலில் நிற்பது புத்தகக் கொள்முதல். அடுத்தது பருவ இதழ்கள். கூரை ஒழுகினால் அலமாரியை நகர்த்தி வைக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே சுமந்து வந்து, உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று படிக்கிறார்கள். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத நூலகத்தில் ஒரு மாணவி எத்தனை மணி நேரம் இருந்து படிக்க முடியும்?

அறிவுசார் பொருளாதாரம் என்று அரசு பேசுகிறது. நாங்களும் அதை விரும்புகிறோம். 2030க்குள் ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்பது மாநிலத்தின் இலக்கு. 2000இல் சென்னையில் திறக்கப்பட்ட டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் சிறு வடிவம் இப்போது விழுப்புரத்துக்கும் வந்துவிட்டது. ஊத்துக்கோட்டை அருகே அறிவு நகரம் திட்டமிடப்பட்டுள்ளது. இவையெல்லாம் வரட்டும். ஆனால் கல்லூரியை விட்டு வந்தவருக்கு, படிப்பைப் பாதியில் நிறுத்தியவருக்கு, 35 வயதில் புதுத் தொழில் கற்க நினைப்பவருக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது? கிணற்று நீர் ஏன் உப்பாகிறது என்று அறிய விரும்பும் கடலோர விவசாயி எங்கே போவார்? வயதும் மதிப்பெண்ணும் கேட்காமல், உட்கார்ந்து படிக்கக் கட்டணமும் வாங்காமல் உள்ளே விடும் இடம் நூலகம் ஒன்றுதான். மாநிலம் முழுவதும் 4,500க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. வளர்ச்சி ஒரு தலைமுறையோடு தீர்ந்துபோகக் கூடாது என்றால், பணத்தை முதலில் கொண்டு சேர்க்க வேண்டிய இடம் இதுதான்.

உள்ளாட்சிகளின் நெருக்கடியை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். தூய்மைப் பணியாளர் ஊதியமும் குடிநீர்ச் செலவும் கழுத்தை நெரிக்கும்போது, பொதுக் கணக்கில் கிடக்கும் தொகையை எடுத்துச் செலவழிக்கத் தோன்றும். இருந்தாலும் நூலக வரி உள்ளாட்சியின் வருவாய் அன்று. பிறருக்காக வாங்கி வைத்த பணம்.

ஆகவே வேண்டுகிறோம். சொத்து வரியை இப்போது இணையவழியில் கட்ட முடிகிறது. கட்டும் அந்த நொடியிலேயே நூலக வரி தனியாகப் பிரிந்து நூலக ஆணைக்குழுவின் கணக்கில் சேரும்படி ஆணையிடுங்கள். பொதுக் கணக்குக்குள் நுழையாத பணம் அங்கே தங்கவும் முடியாது. மற்ற எல்லாக் கோரிக்கைகளையும்விட இதையே முதன்மையாகக் கருதுகிறோம்.

பழைய நிலுவைக்கு, எந்த உள்ளாட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுங்கள். மாநில நிதி ஆணையப் பகிர்விலிருந்து அதைச் சிறு தவணைகளாகப் பிடித்தம் செய்யலாம்; அன்றாடப் பணிகளும் பாதிக்கப்படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. பல ஊர்களில் அது இன்று பூட்டிக் கிடக்கிறது. நகரங்களில் உள்ளாட்சித் துறையே அறிவுசார் மையங்களைக் கட்டியிருக்கிறது. ஊராட்சி நூலகங்களும் அறிவுசார் மையங்களும் பொது நூலகங்களும் வெவ்வேறு துறைகளில் இருப்பதால், பக்கத்துத் தெருவில் இருக்கும் புத்தகம்கூட வாசகர் கைக்கு வருவதில்லை. மூன்றுக்கும் ஒரே உறுப்பினர் அட்டை, ஒரே நூற்பட்டியல் என்று நூலகத் துறையோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். ஊராட்சி நூலகத்தைத் திறந்து நடத்துபவருக்கு, அதை நம்பி அவர் வாழக்கூடிய ஊதியம் கொடுங்கள்.

அடுத்த அரையாண்டுச் சொத்து வரி வசூல் தொடங்குவதற்குள், வரியைப் பிரித்துச் செலுத்தும் ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நிலுவைப் பட்டியலையும் அதே நாளில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நூலக வரி செலுத்தும் வாசகர்கள் சார்பில்,
ஆசிரியர்