வேலையை விடுவதா? ஜாதகத்தைக் கேட்பதா?

செய்கின்ற வேலையில் திருப்தியில்லை, வருகின்ற சம்பளம் போதவில்லை, விட்டுவிடலாமா என்கின்ற கேள்வி இன்று ஆயிரக்கணக்கான வாலிபர்களின் வாயிலிருந்து வருகின்றது. கேள்வி நியாயமானதே. ஆனால் அது யாரிடம் கேட்கப்படுகின்றது என்பதில்தான் நமக்கு ஆட்சேபணை. ஜோசியனிடம் கேட்கின்றார்கள், சனிப் பெயர்ச்சி கழியட்டும் என்கின்றான் அவன். கோவிலில் கேட்கின்றார்கள், பூப்போட்டுப் பார்க்கலாம் என்கின்றார்கள் அங்கே. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "தலையில் எழுதினது இவ்வளவுதான்" என்கின்றார்கள். தன் உழைப்பையும் தன் கூலியையும் பற்றிய இந்தச் சங்கதியைத் தன் அறிவிடம் மாத்திரம் எவரும் கேட்பதாகக் காணோம்.

சனியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். அது சூரியனிலிருந்து சுமார் 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றது. ஒரு சுற்றுச் சுற்றிவர அதற்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகின்றது. ஜோசியன் கணக்குப்படியே எடுத்துக்கொண்டாலும், பன்னிரண்டு ராசிகளில் எப்பொழுதும் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது நாலு பேரில் ஒருவனுக்கு! அப்படியானால் நாற்பது சிப்பந்திகள் உள்ள கடையில் பத்துப் பேருக்குத்தானே சம்பளம் குறைய வேண்டும்? நாற்பது பேருக்கும் ஏன் குறைகின்றது? முதலாளியும் அந்தப் பன்னிரண்டில் ஏதோ ஒரு ராசியில் பிறந்தவர்தானே? அவருக்கு ஏழரைச் சனி நடக்கின்ற வருஷங்களில்தான் அவர் இரண்டாவது கடையைத் திறக்கின்றார். இதற்கு எந்தப் பஞ்சாங்கக்காரனாவது சமாதானம் சொல்லட்டும்.

நிற்க. வேலையை விடாதே என்று சொல்லுவதில் நம் நாட்டுச் சாஸ்திரங்களுக்கு இருக்கின்ற அக்கறை அலாதியானது. கீதையின் 18-ஆம் அத்தியாயம், பிறப்போடு வந்த தொழில் குற்றமுடையதாயினும் அதை விடக்கூடாது என்கின்றது. மநுதர்மத்தின் 8-ஆம் அத்தியாயம் இன்னும் ஒருபடி மேலே போய், சூத்திரனை அவன் எஜமானனே விடுவித்துவிட்டாலும் அவன் அடிமைத் தொழிலிலிருந்து விடுபட மாட்டான் என்று தீர்ப்புச் சொல்லுகின்றது. ராஜிநாமாக் கடிதம் என்கின்ற ஒரு காகிதத்தையே ஒப்புக்கொள்ளாத தர்மம் அது! 1953-இல் இந்த மாகாணத்துப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் படித்து மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்று ராஜாஜி மந்திரிசபை திட்டம் போட்டதும், நம் இயக்கம் கிளர்ச்சி செய்து 1954-இல் அது ஒழிந்ததும் அனைவரும் அறிந்ததே. ஆகவே, ஒரு மனிதன் தனக்குப் பிடிக்காத தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போவது என்பது நம்மில் மூன்று தலைமுறைக்கு முன்னால் நினைக்கவே முடியாத காரியம். இன்று "விடலாமா?" என்று ஒருவன் கேட்பதே பெரிய மாறுதல் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால், கேட்க முடிகின்றது என்பதற்காக உடனே விட்டுவிட்டு வந்துவிடுவதையும் நாம் ஆதரிக்க முடியாது. நமது தோழர்களில் சிலர், "பெரியார் 1919-இல் ஈரோடு நகரசபைத் தலைவர் பதவியையே உதறவில்லையா?" என்று வீரம் பேசுகின்றார்கள். உதறியது உண்மை. ஆனால் அவர் வீட்டில் மண்டி வியாபாரம் இருந்தது. உங்கள் வீட்டில் என்ன இருக்கின்றது என்று கேட்கின்றோம். பட்டினி கிடந்து திரும்பவும் அதே முதலாளியிடம் போய், முன்னைவிடக் குறைந்த கூலிக்குக் கைகட்டி நிற்பதற்குப் பெயர் சுயமரியாதையல்ல.

இக்காலத்தில் மேடைக்கு மேடை ஏறி, "மனதுக்குப் பிடித்த வேலையை மட்டும் செய்" என்று உபதேசம் செய்து காசு வாங்குகின்ற ஒரு புதுப் புரோகிதக் கூட்டமும் கிளம்பியிருக்கின்றது. சாக்கடை அள்ளுகின்றவனிடமும், செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றவனிடமும் இவர்கள் இதைச் சொல்லட்டுமே பார்ப்போம்.

நமக்கு அடிக்கடி எழுதுகின்றவர்களில் துணிக்கடைச் சிப்பந்திகள் அதிகம். தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் வந்து, கடை முதலாளி காட்டிய அறையில் பத்துப் பேரோடு படுத்து, பகலெல்லாம் நின்றே வேலை செய்கின்ற ஆண்களும் பெண்களும். இவர்களுக்கு நாம் முதலில் சொல்லுவது, உங்கள் கஷ்டத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் என்பதே. சட்டம் ஏற்கனவே கொடுத்திருந்தும் முதலாளி கொடுக்காதது எது? எந்தச் சட்டத்தாலும் அந்தக் கடையில் கிடைக்க முடியாதது எது? 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலையை வரையறுத்து, அதற்குமேல் வாங்குகின்ற வேலைக்கு இரட்டைக் கூலி என்கின்றது. உட்காருவதற்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டத்தில் 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை சேர்த்தது. கேரளத்தில் இது 2018-இலேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் பெண் சிப்பந்திகள் கூடிப் போராடியது அதற்கு முக்கியக் காரணம். அவர்கள் ஆளுக்கு ஒரு நாளாக வேலையை விட்டுப் போயிருந்தால், அடுத்து வந்த பெண்ணும் நின்றுகொண்டேதான் இருந்திருப்பாள். கால் வலிக்காக வேலையை விடுவதற்கு முன் நாலு பேர் சேர்ந்து நாற்காலி கேட்டீர்களா என்பதே நமது கேள்வி. தொழிலாளர் துறை அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கின்றது.

இனிக் கணக்கு. ஒரே இடத்தில் ஐந்து வருஷம் முடித்தால் பணிக்கொடை உண்டு. தானாக ராஜிநாமா செய்தாலும் உண்டு. 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வைத்த இந்த ஐந்து வருஷக் கணக்கையே, 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் நிரந்தரச் சிப்பந்திக்கு வைத்திருக்கின்றது. மாதம் 10,400 ரூபாய் வாங்குகின்றவனுக்கு அதை 26-ஆல் வகுத்தால் நாளைக்கு 400. பதினைந்து நாளுக்கு 6,000. ஐந்து வருஷத்துக்கு 30,000 ரூபாய். நாலரை வருஷத்தில் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வருகின்றவன், அந்த மேஸ்திரி மீதுள்ள கோபத்துக்காக முதலாளிக்கு 30,000 ரூபாய் தானம் செய்கின்றான்! வருங்கால வைப்பு நிதியில் உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பிடிக்கிறார்களா, முதலாளி தன் பங்கைக் கட்டுகின்றாரா என்றும் பாருங்கள். விட்டுப் போகின்றபோது அதை எடுத்துச் செலவழிக்காமல் புது வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை சேர வேண்டும்.

மூன்று மாத அரிசிக்கும் வாடகைக்கும் கையில் இருக்கின்றதா, வேறு இடத்தில் உறுதியான பேச்சு இருக்கின்றதா என்பதைக் கல்யாணமானவர்கள் தம் மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். ராஜிநாமா செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து வீட்டில் சொல்லுகின்ற ஆண்பிள்ளைகளை நாம் அறிவோம். அடுப்பெரிக்கின்றவளுக்கு அபிப்பிராயம் கிடையாது என்று எண்ணுகின்றவன், கடையில் தனக்கு மரியாதையில்லை என்று அழுவதில் என்ன அர்த்தம்?

இவ்வளவு கணக்கும் கூலி குறைவுக்குத்தான். கை நீட்டி அடித்தாலோ, ஜாதிப் பெயரைச் சொல்லி இழிவு செய்தாலோ, பெண் சிப்பந்தியிடம் முறைகேடாக நடந்தாலோ அங்கே கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அன்றைக்கே வெளியே வரலாம். வந்து சும்மா இருக்காமல் புகாரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்துவந்தது. ஏழைப் பெண்ணை மூன்று வருஷம் ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகப் பேச்சு. முப்பதாவது மாதத்தில் நோயோடு வெளியேறினவளுக்குத் தொகை இல்லை என்று கைவிரித்தார்கள். அவளுக்கு மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குத் தாலியின் பெயரையும் சூட்டினார்கள்! வரதட்சணையைச் சட்டம் தடுத்தது 1961-இல். தடுக்கப்பட்ட ஒன்றுக்காகப் பெண்ணை ஆலைக்குள் பூட்டி வைப்பதற்குப் பெற்றோரே கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் நமக்கு ஆத்திரமூட்டுகின்றது. இப்படிப்பட்ட தொகைக்காகத் தங்கள் மகள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு காலக்கெடு முடிக்க வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டாம். முன்பணம் வாங்கிவிட்டதால் விட முடியாது என்று சொல்லுகின்றவர்களுக்கும் இதுவே. கொத்தடிமை முறையை ஒழித்த 1976-ஆம் வருஷத்துச் சட்டம் அந்தக் கடனையே செல்லாது என்கின்றது. மனுக் கொடுக்க வேண்டிய இடம் கலெக்டர் ஆபீசு.

விடுவது என்று தீர்மானித்தவர்கள் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடக்கூடாது. கடிதமாக எழுதி, தேதி போட்டு, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளுகின்ற கடைகளும் உண்டாகையால், கடிதம் கொடுக்கின்ற முன்பே அவற்றைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. வேலைச் சான்றையும், பாக்கிச் சம்பளத்தையும், வைப்பு நிதி எண்ணையும் விடாமல் கேளுங்கள். கடிதத்தை எந்த நாளில், எந்த நேரத்தில் கொடுப்பது என்று மாத்திரம் எமக்கு எழுதிக் கேட்க வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு மேல், ராகு காலத்திலேயே கொடுத்தாலும் அது செல்லும்.