நாகரிகமான மிரட்டல்

ஒரு நாவல் சரியில்லை என்று எழுதினால் நம் ஊரில் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "மூத்தவங்கள இப்படியா பேசுறது?" இன்னொன்று, "வக்கீல்கிட்ட கொடுத்தாச்சு, பார்த்துக்கலாம்." பல சமயம் இரண்டும் ஒரே ஆளிடமிருந்தே வரும். முதலாவது பண்பாடு, இரண்டாவது சட்டம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நாவலைப் பற்றிப் பேச்சே வரக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, சட்டத்துக்கே போவோம். மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 499வது பிரிவு அவதூறைப் பற்றியது. 1860இல் இந்தியாவுக்கு வெள்ளைக்காரர்கள் எழுதிய சட்டத்தின் வழியில் நமக்கு வந்தது. அடுத்த பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. மிரட்டுகிறவர்கள் இதுவரைதான் படித்திருக்கிறார்கள். அதே 499இல் ஆறாவது விதிவிலக்கு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் முன் வைத்த படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. அந்தப் படைப்பில் தெரிகிற அளவுக்கு எழுதியவரின் குணத்தைப் பற்றிக்கூடப் பேசலாம்.

இதற்குச் சட்டமே தரும் உதாரணம்தான் சுவாரசியம். ஒருவருடைய புத்தகம் முட்டாள்தனமானது, ஆகவே அவர் பலவீனமான மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னால் விலக்கு உண்டு. அவர் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர், அதனால் புத்தகம் இப்படி வந்ததில் ஆச்சரியமில்லை என்றால் விலக்கு கிடையாது. இரண்டிலும் திட்டு ஏறக்குறைய ஒரே அளவுதான். புத்தகத்திலிருந்து ஆளுக்குப் போகலாம், ஆளிலிருந்து புத்தகத்துக்கு வரக்கூடாது. எவ்வளவு மென்மையாகச் சொன்னாய் என்று இந்த உதாரணம் கேட்கவே இல்லை.

நம் விமர்சகர்களில் பாதிப் பேர் இங்கேயும் தோற்பார்கள். "அவனப் பத்தி தெரியாதா, அவன் எழுதுனது வேற எப்படி இருக்கும்" என்பதுதான் டீக்கடை விமர்சனம். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பொய்யைப் பரப்பி ஒருவர் பெயரைக் கெடுத்தால் அவர் கோர்ட்டுக்குப் போகட்டும்.

ஆனால் நம் ஆட்களுக்கு அதைவிடப் பிடித்த ஆயுதம் போலீஸ் ரிப்போர்ட். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், 233வது பிரிவு. 'எரிச்சலூட்டும் நோக்கம்' என்று அதில் ஒரு வார்த்தை. எதிர்மறை விமர்சனம் யாருக்குத்தான் எரிச்சலூட்டாது? பிரதமர் நஜிப்பைக் கோமாளியாக வரைந்ததற்கு ஃபாமி ரேசாவுக்கு ஈப்போ நீதிமன்றம் 2018இல் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது இந்தப் பிரிவில்தான். மேல்முறையீட்டில் சிறை போய், அபராதம் 10,000 ஆனது. 2025 பிப்ரவரி முதல் உச்ச அபராதம் 50,000இலிருந்து 5 லட்சம் ரிங்கிட். ஃபாமிக்காகக் கைதட்டிய இலக்கியவாதி, தன் கவிதைத் தொகுப்பைக் குறை சொன்னவனிடம் அதே பிரிவைக் காட்டுகிறார். கேட்டால் அது வேறு, இது வேறாம்.

வக்கீல் கடிதத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருக்காது. மன்னிப்புக் கேள், எழுதியதை நீக்கு, இத்தனை நாளுக்குள் பதில் சொல். எல்லாம் மரியாதையான மொழி. வாங்கியவன் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன், பிடிபிடிஎன் கடன் பாக்கி வேறு. அவன் கட்டுரையை எடுத்துவிடுவான். அடுத்த புத்தகத்துக்கு "அருமையான முயற்சி" என்று எழுதுவான்.

விமர்சகன் 112ஆம் பக்கத்தைத் தப்பாகப் படித்துவிட்டானா? 112ஆம் பக்கத்தைப் பற்றி எழுதுங்கள் சார். காட்டமாகவே எழுதுங்கள்.